ஸ்பிளாஷ் பேட் தண்ணீரைச் சோதிப்பது எப்படி: நாசில் முதல் பதிவேடு வரை

ஸ்பிளாஷ் பேட் என்பது நாசில்களிலிருந்து, அதாவது தண்ணீர் பீய்ச்சும் முனைகளிலிருந்து, வரும் தெளிப்பில் குழந்தைகள் விளையாடும் தளம். அதில் தண்ணீர் தேங்குவதில்லை. கணுக்கால் நனைவதற்குள் வடிந்துவிடும். அதனாலேயே நீச்சல் குளத்தைவிட இது சுத்தமானது என்று பலரும் நினைக்கிறார்கள். வடிந்த தண்ணீர் எங்கே போகிறது என்று விசாரித்தால் அந்த நினைப்பு மாறிவிடும். பல இடங்களில் அது தளத்துக்கு அடியிலுள்ள தொட்டிக்குப் போய், வடிகட்டப்பட்டு, குளோரின் சேர்ந்து, சற்று நேரத்தில் இன்னொரு குழந்தையின் முகத்தில் பீய்ச்சியடிக்கிறது. டயப்பர் கட்டிய குழந்தை ஒன்று நாசில் மேலேயே உட்கார்ந்திருக்கும்; அடுத்த நாசிலில் இன்னொரு குழந்தை வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் ஒரே தொட்டித் தண்ணீர்தான்.

2005இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் செனகா ஏரிப் பூங்காவின் நீர்த்தெளிப்புத் தளத்துக்கு வந்து போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். காரணம் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. 2021இல் கன்சாஸ் மாநிலத்தின் ஒரு தளத்திலிருந்து முதலில் ஷிகெல்லா, ஒரு வாரத்துக்குள் நோரோவைரஸ் என்று இரண்டு தொற்றுகள் கிளம்பின. ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, தளம் ஓடாத இரவுகளில் தண்ணீர் சுழலாமல் தொட்டியிலேயே கிடந்திருக்கிறது. குளோரினைத் தானாகச் சீராக்கும் கருவியும் இல்லை. அதே ஆண்டு டெக்சாஸின் ஆர்லிங்டனில் ஒரு பொது ஸ்பிளாஷ் பேடில் விளையாடிய குழந்தை, நெக்லீரியா ஃபோலரி என்ற அமீபா மூக்கு வழியே மூளைக்கு ஏறி இறந்தது. அந்தக் குழந்தை வந்த மூன்று நாட்களில் இரண்டு நாட்களுக்கு நீர்ச் சோதனைக்கான பதிவே இல்லை என்று நகர நிர்வாகமே பின்னர் ஒப்புக்கொண்டது.

ஆக, சோதனைக் குழாயில் வரும் நிறத்தைப் பார்ப்பது வேலையில் பாதிதான். எங்கே எடுத்த தண்ணீர், எப்போது எடுத்தது, எண் சரியில்லை என்றால் என்ன செய்தீர்கள் என்பதெல்லாம் மீதிப் பாதி. தளத்தை நடத்துபவர்கள், பராமரிப்பவர்கள், குடியிருப்புச் சங்கத்தில் இந்தப் பொறுப்பை ஏற்றவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் உங்கள் தளம் எந்த வகை?

இரண்டு வகை உண்டு. ஒன்று, குடிநீர்க் குழாயிலிருந்து வரும் தண்ணீர் ஒரு முறை தெளித்துவிட்டுச் சாக்கடைக்கோ தோட்டத்துக்கோ போவது. மற்றது, முன்பு சொன்னதுபோல் தொட்டிக்குத் திரும்பி மறுபடி மறுபடி வருவது. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இரண்டாவது வகைக்கு.

முதல் வகைக்காரர்கள் நிம்மதியாக இருந்துவிடலாமா? முழுதாக முடியாது. இரவு முழுக்க வெயில் சூட்டோடு குழாயில் நின்ற தண்ணீரில் குளோரின் குறைந்துபோயிருக்கும். லெஜியோனெல்லா பாக்டீரியா 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பத்தில் செழிப்பாக வளரும். தெளிக்கும் நுண்துளிகளோடு மூச்சில் போனால் நுரையீரலைத் தாக்கும். அதனால் தினமும் திறக்கும் முன், குழந்தைகள் யாரும் இல்லாதபோது எல்லா நாசில்களையும் சில நிமிடம் ஓடவிட்டுப் பழைய தண்ணீரை வெளியேற்றுங்கள். பிறகு கடைசி நாசிலில் குளோரினைப் பாருங்கள். சில ஊர்களில் குடிநீரில் குளோரினுக்குப் பதில் குளோரமின், அதாவது அம்மோனியாவோடு பிணைந்த குளோரின், சேர்ப்பார்கள். அங்கே எதனோடும் பிணையாத தனிக் குளோரினை மட்டும் சோதித்தால் ஒன்றுமே இல்லாததுபோல் காட்டும், மொத்தக் குளோரினைப் பார்க்க வேண்டும். குடிநீர்க் குழாய்க்குள் தண்ணீர் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா, அது சோதிக்கப்பட்டதா என்பதையும் ஒரு முறை விசாரித்துவிடுங்கள்.

ஏன் இங்கே குளோரின் நிற்பதில்லை

நீச்சல் குளத்தைப் பார்த்துப் பழகியவர்கள் தவறு செய்யும் இடம் இது. குளத்தில் பல லட்சம் லிட்டர் இருக்கும். கொஞ்சம் அழுக்கு சேர்ந்தால் எண் மெதுவாகத்தான் இறங்கும். ஸ்பிளாஷ் பேடின் தொட்டி அதோடு ஒப்பிட்டால் சின்னது. அந்தச் சின்னத் தண்ணீரில் சன்ஸ்கிரீன், வியர்வை, சிறுநீர், செருப்பு மண், காற்றில் வந்த இலை எல்லாம் கலக்கின்றன. மேலே தெளிக்கும்போது தண்ணீர் ஆயிரம் துளிகளாகச் சிதறுவதால் குளோரின் காற்றோடு போகிறது. வெயில் மிச்சத்தைச் சிதைக்கிறது. அதே தெளிப்பில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடும் வெளியேறுவதால் தண்ணீரின் அமில-கார அளவான பிஎச் மெல்ல ஏறும். காலை 9 மணிக்குப் பார்த்த நல்ல எண் கூட்டம் நிறைந்த மதியம் 12 மணிக்குச் செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால் திறக்கும் முன்பும் பிறகு 4 மணி நேரத்துக்கு ஒரு முறையும் கையால் சோதியுங்கள். கருவி இல்லையென்றால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை. பள்ளி விடுமுறை, பிறந்தநாள் கூட்டம் என்றால் இன்னும் அடிக்கடி. உங்கள் பகுதி சுகாதாரத் துறை இதைவிடக் கடுமையாகச் சொல்லியிருந்தால் அதுதான் விதி.

எதை வைத்துச் சோதிப்பது

குளோரின் பட்டால் இளஞ்சிவப்பாகும் டிபிடி என்ற வேதிப்பொருளை வைத்து இயங்கும் ஒளிமானி, அதாவது போட்டோமீட்டர், இருந்தால் நல்லது. அதற்குப் பணம் ஒதுக்க முடியாவிட்டால் டிபிடி சொட்டு எண்ணும் கிட் போதும். இளஞ்சிவப்பு நிறம் மறையும்வரை சொட்டுகளை எண்ணுவதால் நிறத்தை ஒப்பிடும் கண்ணின் குழப்பம் இதில் இல்லை. மஞ்சள் நிறம் காட்டும் பழைய ஓடிஓ கிட்டை இந்த வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். அது மொத்தக் குளோரினை மட்டுமே சொல்லும். கிருமியைக் கொல்லும் தனிக் குளோரின் அதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. பட்டைத்தாள் அவசரத்துக்கு ஒரு பார்வை பார்க்க உதவும், பதிவேட்டில் எழுத உதவாது.

வேதிப்பொருட்களின் காலாவதித் தேதியைப் பாருங்கள். பம்பு அறைச் சூட்டில் மாதக்கணக்கில் கிடந்த சொட்டு மருந்து தேதி முடியும் முன்பே கெட்டுப்போகும்.

மாதிரி எடுப்பது

இரண்டு இடங்களில் எடுக்க வேண்டும். முதலாவது தொட்டி, அல்லது தொட்டியிலிருந்து வரும் குழாயில் குளோரின் செலுத்தப்படும் இடத்துக்கு முன்னால் உள்ள மாதிரிக் குழாய். குளோரின் செலுத்துமிடத்தைத் தாண்டி எடுத்தால் அப்போதுதான் போட்ட மருந்தின் எண்ணைப் படித்து ஏமாறுவீர்கள். இரண்டாவது, பம்பிலிருந்து மிகத் தொலைவில் உள்ள நாசில். குழந்தையின் மேல் படுவது அந்தத் தண்ணீர்தான். இரண்டு எண்களும் கொஞ்சம் வித்தியாசப்படும், அது இயல்பு. தொட்டியில் 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு), நாசிலில் 0.8 என்று பெரிதாக வித்தியாசப்பட்டால் குழாய்க்குள் கிருமிப்படலம் படிந்து குளோரினைத் தின்கிறதா என்று சந்தேகிக்கலாம்.

சோதனைப் புட்டியை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டுக் கோடுவரை நிரப்புங்கள். நாசிலில் பிடிக்கும்போது தெளிப்பு குறைவாக இருக்கும் நேரம் பார்த்துப் புட்டியின் வாயை அருகில் கொண்டுபோங்கள். எடுத்ததும் அங்கேயே, நிழலில் நின்று சோதித்துவிடுங்கள். அலுவலக அறைக்குக் கொண்டுபோய், தேநீர் குடித்துவிட்டுப் படித்த எண் வேறு ஒரு தண்ணீரின் எண்.

தனிக் குளோரின்

ஒளிமானி என்றால் முதலில் மருந்து சேர்க்காத தண்ணீரை வைத்துப் பூஜ்யம் அமையுங்கள். புட்டியின் வெளிப்புறத்தைத் துணியால் துடையுங்கள்; விரல் ரேகையும் நீர்த்துளியும் ஒளியைத் தடுக்கும். டிபிடி 1 மாத்திரையை உறையிலிருந்து நேராகப் புட்டிக்குள் தள்ளுங்கள், கையால் தொடாதீர்கள். நசுக்கி, கலக்கி, ஒரு நிமிடத்துக்குள் படியுங்கள். நேரம் போனால் அழுக்கோடு சேர்ந்துவிட்ட பிணைந்த குளோரினும் நிறம் காட்டத் தொடங்கி எண்ணை ஏற்றிவிடும்.

எவ்வளவு இருக்க வேண்டும்? நீச்சல் குளத் தண்ணீருக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் குறைந்தபட்சம் 1 பிபிஎம்; வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் சயனூரிக் அமிலம் கலந்திருந்தால் 2 பிபிஎம். ஸ்பிளாஷ் பேடில் நான் 2க்கும் 3க்கும் நடுவில் குறிவைப்பேன். காரணம் முன்பே சொன்னதுதான், அடுத்த சோதனைக்குள் எவ்வளவு இறங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. 1க்குக் கீழே என்றால் தளம் திறக்கக் கூடாது. 10க்கு மேல் போனாலும் மூட வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. குளோரின் மிக அதிகமாக இருந்தால் டிபிடியின் இளஞ்சிவப்பு நிறத்தை அதுவே வெளுத்துவிடும். தண்ணீர் தெளிவாக நிற்கும். ஒளிமானி பூஜ்யம் காட்டும். ஆரம்ப காலத்தில் நானும் இதில் விழுந்திருக்கிறேன். ‘குளோரினே இல்லையே’ என்று இன்னும் ஊற்றப் போனேன். மாத்திரை விழுந்த நொடியில் ஒரு சிவப்புக் கீற்று தோன்றி மறைந்ததைப் பக்கத்தில் நின்றவர் கவனித்திருந்ததால் தப்பித்தேன். சந்தேகம் வந்தால் ஒரு பங்கு மாதிரியோடு நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து மறுபடி சோதியுங்கள். வந்த எண்ணை 5ஆல் பெருக்குங்கள்.

பிணைந்த குளோரின்

அதே புட்டியில் டிபிடி 3 மாத்திரையைச் சேர்த்து 2 நிமிடம் காத்திருந்து படித்தால் மொத்தக் குளோரின் கிடைக்கும். மொத்தத்தில் தனியைக் கழித்தால் மிஞ்சுவது பிணைந்த குளோரின், அதாவது வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து சக்தியிழந்த பகுதி. மொத்தம் 2.6, தனி 2.3 என்றால் பிணைந்தது 0.3. 0.4க்குள் வைத்திருப்பது நல்லது. கண் எரிச்சலும் ‘நீச்சல் குள வாசனை’ என்று சொல்வதும் இதனால்தான். வாசனை தூக்கலாக இருந்தால் குளோரின் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் வேலை செய்யும் குளோரின் போதவில்லை என்றுதான் பொருள்.

டிபிடி 3 போட்ட புட்டியை நன்றாக அலசாமல் அடுத்த சோதனைக்கு எடுக்காதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் பொட்டாசியம் அயோடைடு கொஞ்சமே போதும், அடுத்த தனிக் குளோரின் எண்ணைப் பொய்யாக உயர்த்திவிடும். முடிந்தால் இரண்டுக்கும் வேறு வேறு புட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பிஎச்

குளோரின் எண் நன்றாக இருந்தும் தண்ணீர் பாதுகாப்பில்லாமல் இருக்க முடியும், அதற்கு முதல் காரணம் பிஎச். தனிக் குளோரினில் கிருமியை வேகமாகக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற வடிவம். பிஎச் 7இல் ஏறக்குறைய முக்கால்வாசி அந்த வடிவத்தில் இருக்கும். 7.5இல் பாதி. 8க்குப் போனால் கால்வாசி. பதிவேட்டில் 2 பிபிஎம் என்று அழகாக எழுதியிருப்பீர்கள், வேலை செய்வது அரை பிபிஎம்தான்.

7.0 முதல் 7.8 வரை ஏற்கத்தக்கது, 7.2 முதல் 7.5க்குள் வைத்திருக்கப் பாருங்கள். பிஎச் காட்டும் ஃபீனால் ரெட் சொட்டு மருந்தின் நிறம் மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போகும். ஊதா நிறமாகத் தெரிந்தால் பிஎச் ஏறிவிட்டது என்று அவசரப்பட்டு அமிலம் ஊற்றாதீர்கள். குளோரின் மிக அதிகமாக இருந்தாலும் அந்த ஊதா வரும். அதனால்தான் குளோரினை முதலிலும் பிஎச்சை அதன் பிறகும் சோதிக்கச் சொல்கிறேன்.

மற்றவை, சுருக்கமாக

சயனூரிக் அமிலம்: வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும், ஆனால் அதன் வேகத்தையும் குறைக்கும். இந்த அமிலம் சேர்ந்த குளோரின் மாத்திரையான டிரைகுளோரைப் போடுகிறவர்கள் தெரியாமலே இதை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். குழாயின் அடியிலுள்ள கரும்புள்ளி மறையும்வரை கலங்கல் நீரை ஊற்றும் சோதனை வாரம் ஒரு முறை போதும். என்னைக் கேட்டால் ஸ்பிளாஷ் பேடில் இந்த அமிலமே வேண்டாம்.

காரத்தன்மை: 60 முதல் 180 பிபிஎம். இது குறைந்தால் பிஎச் ஊசலாடும். வாரம் ஒரு முறை பார்க்கலாம்.

ஓஆர்பி, அதாவது தண்ணீரின் ஆக்சிஜனேற்றத் திறன், காட்டும் கருவியின் மில்லிவோல்ட் எண்ணைக் குளோரின் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உணரியில் அழுக்குப் படிந்தால் அது நிதானமாகப் பொய் சொல்லும். கைச்சோதனையோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதுதான் ஒரே வழி. புற ஊதா விளக்கு இருந்தால் அது எரிகிறதா என்பதோடு அதன் செறிவு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு எரிவதாகத் தெரியும் விளக்கு, உறையில் சுண்ணாம்பு படிந்து வேலை செய்யாமல் இருக்கலாம்.

எண் குறைந்தால் எவ்வளவு சேர்ப்பது

1 பிபிஎம் என்றால் 1,000 லிட்டருக்கு 1 கிராம். உங்கள் தொட்டி 5,000 லிட்டர், 2 பிபிஎம் ஏற்ற வேண்டும் என்றால் 10 கிராம் குளோரின் தேவை. 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தில் ஏறக்குறைய 100 மி.லி, 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளில் ஏறக்குறைய 15 கிராம். கேனில் 10 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் வெயில் பட்ட திரவம் அதைவிட வலுக்குறைந்திருக்கும். எனவே கணக்கை நம்பிவிட்டுப் போகாமல் மறுபடி சோதிக்க வேண்டும்.

தளத்தை நிறுத்தி, எல்லோரையும் வெளியே அனுப்பிய பிறகே மருந்தைச் சேருங்கள். அமிலமும் குளோரினும் ஒரே வாளி, ஒரே அளவுக்குவளை, ஒரே அலமாரியில் இருக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பம்பு அறையில் அது ஆளைக் கொல்லும். சேர்த்த பிறகு தொட்டித் தண்ணீர் முழுவதும் சுழன்று கலக்கும்வரை காத்திருந்து, தொட்டியிலும் கடைசி நாசிலிலும் மறுபடி எடுங்கள்.

ஆய்வகச் சோதனை

கிட்டில் வரும் எண்கள் கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. கிருமி பிழைக்கும் சூழல் இருக்கிறதா என்றுதான் சொல்லும். அதனால் மாதம் ஒரு முறையாவது நுண்ணுயிர்ச் சோதனைக்கு அனுப்புங்கள். ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய புட்டிக்குள் கொஞ்சம் வெள்ளைத் தூள் தெரியும். அழுக்கு என்று அலசிவிடாதீர்கள். அது சோடியம் தயோசல்ஃபேட். வழியில் குளோரின் தொடர்ந்து கிருமியைக் கொன்று முடிவைப் பொய்யாக்காமல் இருக்க, எடுத்த நொடியிலேயே குளோரினை நடுநிலையாக்கும். மூடியின் உட்புறத்தைத் தொடாமல் 100 மி.லி கோடுவரை பிடித்து, மேலே கொஞ்சம் இடம் விட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுத்துவிடுங்கள். அதே நிமிடம் அதே இடத்தில் எடுத்த குளோரின், பிஎச் எண்களைப் படிவத்தில் எழுதுங்கள். அவை இல்லாமல் வரும் முடிவைப் புரிந்துகொள்வது கடினம்.

100 மி.லியில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவும் அப்படியே. அது வந்தால் குழாய்க்குள்ளோ வடிகட்டியிலோ படலம் ஒட்டியிருக்கிறது என்று கொள்ளலாம். பொது பாக்டீரியா எண்ணிக்கை மி.லிக்கு 200க்குள். முடிவு ‘நல்லது’ என்று வந்தாலும் அது மாதிரி எடுத்த அந்த நிமிடத்துக்கான சான்று மட்டுமே.

மலம் கலந்துவிட்டால்

நடக்கும். சின்னக் குழந்தைகள் இருக்கும் இடம். உடனே நிறுத்துங்கள், அதுதான் முதல் வேலை. கெட்டியான மலம் என்றால் அகற்றிவிட்டு, பிஎச் 7.5க்கு மேல் போகாமல் 2 பிபிஎம் குளோரினை ஏறக்குறைய அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் போதும். வயிற்றுப்போக்கு என்றால் விஷயமே வேறு. ஈ.கோலை 1 பிபிஎம் குளோரினில் ஒரு நிமிடத்துக்குள் சாகும். கிரிப்டோஸ்போரிடியம் அதே தண்ணீரில் 10 நாட்களுக்கு மேல் தாக்குப்பிடிக்கும். இதற்கு 20 பிபிஎம் வரை ஏற்றி 12.75 மணி நேரம் வைக்க வேண்டும். சயனூரிக் அமிலம் இருந்தால் இன்னும் நீண்ட நேரம். முன்பு சொன்ன 5,000 லிட்டர் தொட்டிக்கு அது 100 கிராம் குளோரின், அதாவது 10 சதவீதத் திரவம் ஒரு லிட்டர். தொட்டி சின்னதாக இருந்தால் வடித்துக் கழுவிப் புதிதாக நிரப்பலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தாலும் வடிகட்டியையும் குழாய்களையும் விட்டுவிடாதீர்கள். நியூயார்க் சம்பவத்துக்குப் பிறகு சுழலும் தளங்களில் புற ஊதா விளக்கை வலியுறுத்தத் தொடங்கியதும் இந்த ஒட்டுண்ணியால்தான்.

பதிவேடு

ஆர்லிங்டனில் குளோரின் குறைந்த நாட்களில் ஊழியர்கள் மருந்து சேர்த்திருக்கிறார்கள். சேர்த்த பிறகு எண் என்ன ஆனது என்பது ஒழுங்காக எழுதப்படவில்லை. ‘சரி செய்யப்பட்டது’ என்ற வார்த்தையை ஏற்காதீர்கள். நேரம், இடம், எண், செய்தது, செய்த பின் எண், கையெழுத்து, இந்த ஆறும் வேண்டும். எல்லா நாளும் ஒரே 2.0, ஒரே 7.4 என்று இருக்கும் பதிவேட்டைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சோதிக்காமல் எழுதினால்தான் எண்கள் அவ்வளவு ஒழுக்கமாக இருக்கும்.

ஒரு நல்ல பதிவு இப்படி இருக்கும்:

காலை 8.40. தொட்டி 0.6, கடைசி நாசில் 0.4, பிஎச் 7.4. திறக்கவில்லை. திரவக் குளோரின் 100 மி.லி சேர்த்தது. 9.30. தொட்டி 2.4, நாசில் 2.1, பிஎச் 7.5. திறந்தது. மருந்து செலுத்தும் பம்பின் குழாயில் காற்று புகுந்திருந்தது, மாற்றச் சொல்லியிருக்கிறது. அடுத்த சோதனை 10.30.